கோதண்டத்தின் முறை

காலையிலிருந்து துளசிங்கம் ஒரே வலையை மூன்று தரம் சுருட்டி மூன்று தரம் பிரித்துவிட்டான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. எதிரே ஏரி சும்மா கிடந்தது. கரையில் பதினான்கு தோணிகளும் சும்மா கிடந்தன. பூவரச மர நிழலில் குந்தியிருந்த ஆண்கள் ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவர்கள் ரொம்பவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் மச்சான் கோதண்டம் முந்தாநாளிலிருந்து ஒல்லாந்தர் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தான். திருடன் என்று பிடித்துப் போயிருந்தார்கள். எதைத் திருடினான் என்றால், துளசிங்கத்தின் தண்ணீரில் மீனைத் திருடினானாம். அது துளசிங்கத்தின் தண்ணீர் என்று கோட்டையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தின் அடியில் கையெழுத்தாகக் கீறல் போட்டவன் வேறு யாரும் இல்லை, துளசிங்கமேதான்.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டு ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும், அவ்வளவுதான் அகலம். ஆனால் கடலிலிருந்து ஏறி வருகிற இறாலும் மடவையும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தத் தண்ணீருக்குப் பதினான்கு வீடு. தை பிறந்ததும் அம்மன் கோயில் வாசலில் பதினான்கு கிளிஞ்சல்களில் கோடு கீறிப் பானையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். அதுதான் அந்த வருஷத்து வரிசை. யாருடைய நாளோ அன்றைக்கு அது அவன் தண்ணீர். கழி நட்டு வலை கட்டுவான், அள்ளுவான். மறுநாள் விடிந்தால் அடுத்தவன் தண்ணீர். விற்க முடியாது, எழுதி வைக்க முடியாது, பெண்ணுக்குச் சீராகக் கொடுக்க முடியாது. ஒருத்தன் நாள் முடியாமல் அடுத்தவன் வலை இறங்காது. செத்த வீட்டு நாளானாலும் தண்ணீர் காத்துக் கிடக்கும். இதைத்தான் முறை என்றார்கள்.

அந்த முறையோடு கூட ஒரு பழக்கமும் உண்டு. தன் நாளில் தண்ணீர்மேல் நிற்கிறவன், மற்றப் பதிமூன்று பேரில் ஒருத்தர் பெயரையும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் மீன் வலையை விட்டுவிட்டு அந்தப் பெயர்க்காரனைத் தேடிக்கொண்டு போய்விடுமாம். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் இருக்கிற ஊரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை.

துளசிங்கத்தின் நாளன்று, வலையில் இறால் துள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்தான், கோட்டைத் தோணி வந்து பக்கத்தில் நின்றது. அதில் ஒரு தொரை, ஒரு எழுத்தர், பேச்சை மொழிபெயர்க்கிற துபாஷி அப்துல் ஹை மரைக்காயர். தொரைக்கு ஒரு தலைவலி. கோட்டை ஆட்களுக்குத் தினமும் மீன் வர வேண்டும். ஆனால் இன்றைக்கு ஒருத்தன் கொண்டுவருகிறான், நாளைக்கு இன்னொருத்தன். நேற்று அழுகல் மீன் கொடுத்தவனைத் தேடினால் கிடைக்கமாட்டான். அதனால் இனிமேல் ஒவ்வொரு தண்ணீருக்கும் பதில் சொல்ல ஒரே ஆள், மற்றவன் எவனும் உள்ளே வரக்கூடாது என்று முடிவு கட்டியிருந்தார்.

"இந்தத் தண்ணி யாருது?" என்று கேட்டார் அப்துல் ஹை.

"என்னுதுங்க."

"வேற யாருக்காச்சும் இதுல பங்கு உண்டா? தெரிஞ்சி சொல்லு."

துளசிங்கத்தின் நாக்கு நுனியில் பதிமூன்று பெயர் நின்றது. காலடியில் வலை நிறைந்துகொண்டிருந்தது. அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அப்துல் ஹைக்கு என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் தரமும் கேட்டார். அவன் இரண்டாம் தரமும் தலையை ஆட்டினான். எழுத்தர் இரண்டு காகிதத்தில் எழுதினார், துளசிங்கம் இரண்டிலும் கீறல் போட்டான். ஒன்று கோட்டைக்குப் போனது, சிவப்பு அரக்கு வைத்த இன்னொன்று அவன் கைக்கு வந்தது.

அதுவரைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர்மேல் நின்றான், பழக்கம் வாயைக் கட்டியது, சரி. கரையேறிய பிறகு வாயைக் கட்ட என்ன இருந்தது? கோட்டை தோணி போகிற தூரம்தான். நேரே போய், அது பதினாலு வீட்டுத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் போகவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தைக் கூரை இடுக்கில் செருகினான். செருகுவதற்கு முன்னால், யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, "என் தண்ணி" என்று ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் கோதண்டத்தின் முறை. வெளிச்சம் வந்ததும் வராததுமாகப் போய்க் கழி நட்டான். முகத்துவாரத்தில் புதிதாகக் காவல் தோணி ஒன்று நின்றதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிப்பாய்கள் வந்து கேட்டதற்கு, "இது என் தண்ணி" என்றான். காகிதத்தில் இருந்த பெயர் அவன் பெயர் இல்லை. வலையோடு சேர்த்துத் தூக்கிப் போய்விட்டார்கள்.

அன்றையிலிருந்து குப்பத்துக்கு விஷயம் முழுக்கத் தெரியும். கோதண்டத்தின் நாள் முடியவில்லை, அதனால் அடுத்த நாள்காரனான சின்னதம்பி வலை இறக்கவில்லை. சின்னதம்பி இறக்காததால் மற்றவர்களும் இறக்கவில்லை. ஆளுக்கு ஒரு வேலையாகக் கரையில் குந்திக்கொண்டு துளசிங்கத்தைப் பார்க்காமல் இருந்தார்கள்.

சின்னதம்பிதான் அன்று காலை கோட்டைப் பக்கம் போய்விட்டு ஓடிவந்தான். துளசிங்கத்திடம் வரவில்லை. அவன் பெண்டாட்டி இருசம்மாளிடம் போய்ச் சொன்னான். அவள் கையிலிருந்த அரிவாள்மணையைக்கூட மறந்துபோய் அப்படியே வெளியே வந்தாள்.

"நாளைக்குக் கப்பல் பாய் விரிக்குதாம். ஜாவா சீமைக்கு. புடிச்சி வெச்சிக்கீற ஆளுங்களை எல்லாம் அதுல ஏத்துறாங்களாம்."

துளசிங்கம் வலையைக் கீழே போட்டான்.

"வலையை இன்னும் எத்தினி தபா சுருட்டப்போற? ஏந்திரு. அது என் கூடப் பொறந்தது. நீ போட்ட கீறலுக்கு அது கடல் தாண்டிப் போச்சுன்னா, இந்த ஊட்டுல ஒனக்கு ஒல வெக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"போய் இன்னான்னு சொல்றது?"

"எனக்கு இன்னா தெரியும்? இன்னா சொன்னா உடுவாங்களோ அத்தச் சொல்லு. எங்கண்ணனைக் கூட்டினு வா."

தோணியில் கழியை ஊன்றி ஊன்றி அவன் கோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தரமும் அது வேறு மாதிரி முடிந்தது.

அப்துல் ஹை மரைக்காயர் துணிக் கிடங்கு வாசலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நாலு பாஷை தெரிந்த மனிதர், நாலிலும் கோபம் வரும். துளசிங்கத்தைப் பார்த்ததும் திட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"மூணு நாளா எங்க இருந்த நீ?"

"மரைக்காயரே, எம் மச்சான் திருடலைங்க. நான் அவனைப் பொறுத்துக்கினேன்னு தொரைகிட்டச் சொல்லிடுங்க. உட்டுடுவாங்கள்ல?"

"ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லு. திருடலையா, பொறுத்துக்கிட்டியா?"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

அப்துல் ஹை தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த ஊர்ல எவன் வந்தாலும் ரெண்டும் ஒண்ணுதானேங்கிறான். அப்புறம் பழி என் தலையில விழுது. கேளு. பொறுத்தேன்னு நீ சொன்னா, அவன் திருடன், நீ பெரிய மனசுக்காரன். அவன் திருடவே இல்லைன்னு சொன்னா, அவன் யோக்கியன், நீ தொரை முன்னால பொய்க் கீறல் போட்டவன். பொய்க் கீறலுக்குக் கோட்டை வாசல்ல கட்டி வெச்சுச் சாட்டையடி. இருபத்தஞ்சு. இப்ப சொல்லு, ரெண்டும் ஒண்ணா?"

"தண்ணி மேல நின்னுக்கினு பேர் சொல்லக் கூடாதுங்க. அதான் அன்னிக்கித் தலையாட்டிட்டேன்."

"கரையில வந்து சொல்லக் கூடாதுன்னும் இருக்கா?"

துளசிங்கம் கிடங்கு வாசலுக்கும் தெருவுக்குமாக நடக்க ஆரம்பித்தான். அப்துல் ஹையும் கூடவே நடந்தார். சும்மா நிற்க அவருக்கும் முடியவில்லை போல.

"மூணாவதா ஒண்ணு இல்லீங்களா?" என்றான் துளசிங்கம்.

"இருக்கு," என்றார் அவர், சொல்ல இஷ்டம் இல்லாமல். "நான்தான் அவனை வலை போடச் சொன்னேன், மறந்துட்டேன்னு சொல்லலாம். அவனும் திருடன் இல்லை, உனக்கும் அடி இல்லை."

"அதையே சொல்லிடுறேங்க!"

"அவசரப்படாத. நீ சொல்லி அவன் போட்டான்னா, அதுக்குப் பேரு அனுமதி. கொடுத்தவன் நாளைக்கு இல்லைன்னும் சொல்லலாம். முறைங்கிறது அப்படி இல்ல. அதை ஒருத்தன் கொடுக்கவும் இல்ல, ஒருத்தன் புடுங்கவும் முடியாது. அவன் முறையை நீ அனுமதின்னு ஒரு தரம் எழுதி வாங்கிட்டா, அப்புறம் பதிமூணு வீடும் உன் தயவுதான். அதை மாத்தி எழுத என்னால ஆகாது. போய் முதல்ல உன் மச்சானைப் பாரு."

கோதண்டம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே இருந்தான். இவனைப் பார்த்ததும் அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று துளசிங்கம் பயந்திருந்தான். கோபம் இல்லை. அதுதான் இவனை இன்னும் நெளிய வைத்தது.

"மீன் போயிடும்னு பேர் சொல்லல, அதானே?" என்றான் கோதண்டம். "நானா இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்."

கூரையில் செருகியதைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாது. துளசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு, துபாஷி சொன்ன மூன்று வழியையும் சொன்னான். கோதண்டம் முழுதும் கேட்டான்.

"அந்த அனுமதி மட்டும் வேணாம் மச்சான். நான் உன்னைக் கேட்டு வலை கட்டல. என் கிளிஞ்சல் எடுத்த நாளு அது. எங்க நைனா கட்டினது, அவருக்கு நைனா கட்டினது. உள்ளதைச் சொல்லிடு. பதினாலு வீட்டுதுன்னு சொல்லு. அடி விழுந்தா பாதி எனக்குக் குடுக்கச் சொல்லு, வாங்கிக்கிறேன். அப்பால ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக்கினு இருசம்மா கையால கஞ்சி குடிப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். துளசிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் தரம் மூச்சு ஒழுங்காக வந்தது.

"சொல்றேன் மச்சான்," என்றான். சத்தியமாக, அந்த நிமிஷம் அவன் சொல்லத்தான் நினைத்தான்.

தொரைக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே காகிதத்தைப் பார்த்தார். நாளைக்குக் கப்பல் கிளம்புகிற அவசரத்தில் அவருக்கு ஆயிரம் வேலை. இது அதில் சின்ன வேலை. மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி, ஆணியில் சாட்டை. தோல் வார் நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. துளசிங்கம் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், வேறு எதையும் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று முதுகில் விழுவது போலவே இருந்தது. மீன்காரன் முதுகில் தழும்பு இருந்தால் அது என்ன தழும்பு என்று ஊர் கேட்கும். காயம் ஆறுகிறவரைக்கும் உப்புத் தண்ணீரில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் சோறு ஏது? காரணம் ஒவ்வொன்றாக வந்து கைகட்டி நின்றது. கடைசியாக இருசம்மாளும் வந்தாள். இன்னா சொன்னா உடுவாங்களோ அத்தச் சொல்லு.

தொரை ஏதோ கேட்டார். அப்துல் ஹை அதைத் தமிழில் சொன்னார்: "இந்த ஆள் உன் தண்ணியில யாரைக் கேட்டு வலை போட்டான்னு கேக்குறார்." சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தார்.

"என்னைக் கேட்டுத்தாங்க," என்றான் துளசிங்கம். "நான்தான் போடச் சொன்னேன். மறந்துட்டேன்."

அப்துல் ஹை துளசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நான் இதைச் சொல்லிட்டா சொன்னதுதான். திரும்பாது."

"சொல்லிடுங்க."

அவர் சொன்னார். தொரை தும்மினார், எழுத்தர் பக்கம் கையை ஆட்டினார். எழுத்தர் காகிதத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்தார். அதைப் படித்துக் காட்டும்போது அப்துல் ஹை துளசிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. இனி முகத்துவாரத் தண்ணீரில் வலை போடுகிறவன் எவனாக இருந்தாலும் அன்றன்றைக்குச் சொந்தக்காரன் வாயால் அனுமதி பெற்றிருக்க வேண்டும், காவல் தோணி அதைக் கேட்டுத்தான் உள்ளே விடும் என்று அதில் இருந்தது. துளசிங்கம் மறுபடியும் ஒரு கீறல் போட்டான்.

கோதண்டம் வெளியே வந்தான். வலையையும் கொடுத்துவிட்டார்கள், ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தோணி பாதி தூரம் வந்திருந்தது.

"இன்னா சொன்ன?" என்றான் கோதண்டம்.

"அதான் உட்டுட்டாங்கள்ல."

"அத்தக் கேக்கல."

துளசிங்கம் கழியை வேகமாக ஊன்றினான். கோதண்டம் அவன் முதுகைப் பார்த்தான். சட்டையில்லாத முதுகு, ஒரு கோடு இல்லாமல் வெயிலில் மினுமினுத்தது. அப்புறம் அவன் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணியை எண்ணுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

கரையில் இருசம்மாள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சாயங்காலம் மடவைக் கருவாட்டுக் குழம்பு வைத்து, புருஷனுக்கு நடுத்துண்டமாகப் போட்டாள். "ஒன்ன இன்னான்னமோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத," என்றாள். துளசிங்கம் நன்றாகச் சாப்பிட்டான். யாருக்கு என்ன கெட்டுப்போய்விட்டது என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டான். காகிதம் காகிதம்தானே. அவன் யாரையாவது போகாதே என்று சொல்லப் போகிறானா? ஒரு நாளும் இல்லை. தினமும் எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறான், அதில் என்ன சிரமம்? அப்படியானால் முறை முறையாகத்தானே இருக்கிறது. இப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் அடங்கியது. ஆனால் கை மட்டும் சோற்றுத் தட்டைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டே இருந்தது.

விடிந்தது. கோதண்டத்தின் மிச்ச நாள். வாசலில் ஆள் அரவம் கேட்டுத் துளசிங்கம் எழுந்து வந்தான்.

வாசலில் கோதண்டம் நின்றிருந்தான். தோளில் தைத்த வலை, கையில் கழிக் கட்டு. அவனுக்குப் பின்னால் மற்றப் பன்னிரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மூன்று நாளாக அவனைப் பார்க்காமல் இருந்தவர்கள் எல்லாரும் இன்றைக்கு அவனையே பார்த்தார்கள். இருசம்மாள் வாசல் தெளிக்கச் செம்போடு வந்தவள், அண்ணனைக் கண்டு "உள்ள வாண்ணே, கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

கோதண்டம் உள்ளே வரவில்லை. கழிக் கட்டைக் கீழே வைத்தான். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். குப்பத்தில் ஒருத்தனுக்கு ஒருத்தன் அப்படிச் செய்வது கிடையாது. கோட்டைக்குள் போகும்போது, தொரைக்கு முன்னால் மட்டும்தான்.

"இன்னிக்கு வலை கட்டலாங்களா?" என்றான்.

இருசம்மாள் கையில் செம்பு அப்படியே நின்றது. அவள் அண்ணன் அவள் புருஷனை நீ, வா, மச்சான் என்று கூப்பிட்டுத்தான் அவள் கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

"மச்சான், இன்னா இது?" என்றான் துளசிங்கம். "போய்க் கட்டு. என்னை இன்னாத்துக்குக் கேக்குற? உன் முறைதானே?"

"நேத்து ராத்திரி காவல் தோணிக்காரன் வந்து சொல்லிட்டுப் போனானுங்க. கேட்டியான்னு கேப்பான். நீங்க போன்னு சொன்னீங்கன்னாத்தான் உடுவான்." கோதண்டத்தின் குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. தொரைக்குப் பதில் சொல்கிற குரல். "தண்ணி ஏறிக்கினு இருக்குதுங்க."

துளசிங்கத்துக்கு ஓடிப்போய் அவன் இடுப்புத் துண்டைப் பிடுங்கித் தலையில் வைக்க வேண்டும் போல இருந்தது. இருசம்மாளைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை. போ என்று சொன்னால் அது அனுமதி. கேட்காதே என்று சொன்னால் மச்சான் இன்றைக்கே மறுபடியும் கம்பிக்கு அந்தப் பக்கம். பதிமூன்று பேர் வாசலில் காத்து நின்றார்கள், ஏரியில் இறால் ஏறுகிற நேரம் போய்க்கொண்டிருந்தது.

"போ," என்றான்.

"சரிங்க," என்று கோதண்டம் கழிக் கட்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள் என்று துளசிங்கம் நினைத்தான். யாரும் கலையவில்லை. வரிசையில் அடுத்தவனான சின்னதம்பி ஒரு அடி முன்னால் வந்து, தலைத்துண்டை அவிழ்த்தான்.

"நாளைக்கு நானுங்க," என்றான்.